நின்ற வண்டி ஏன் ஆடுகிறது?

ஓடுகிற வண்டி ஆடினால் சாலையைக் குறை கூறலாம். நின்ற வண்டி ஆடினால் எதைக் குறை கூறுவது? புதுக் கார் வாங்கியவர்களில் பலர் முதல் வாரத்திலேயே கேட்கின்ற கேள்வி இது. மஞ்சக்குப்பத்தில் சிக்னலுக்கு நிற்கும்போதும், திருப்பாதிரிப்புலியூர்ப் பேருந்து நிலையத்தருகே நெரிசலில் சிக்கும்போதும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வண்டி அசையாமல் நிற்கிறது. அப்போது ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம் தெரிகிறது. இருக்கையில் ஒரு குலுக்கல் தெரிகிறது. நோக்குக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியின் உருவம் கலங்குகிறது. ‘பல லட்சம் கொடுத்து வாங்கிய வண்டியா இது!’ என்று மனமும் கலங்குகிறது.

இக்கேள்விக்கு இரண்டு விடைகள் ஊரில் உலவுகின்றன. “வண்டியே கோளாறு, தலையில் கட்டிவிட்டார்கள்” என்பது ஒன்று. “மூன்று சிலிண்டர் வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும்” என்பது மற்றொன்று. முன்னது எல்லா அதிர்வையும் நோய் என்கிறது. பின்னது எல்லா நோயையும் இயல்பு என்கிறது. இவ்விரண்டில் எதை நம்பினாலும் பணம் போகும். உண்மையில் எஞ்சினுக்கு இயல்பாக அமைந்த அதிர்வு ஒன்று உண்டு. கோளாற்றால் வரும் அதிர்வு வேறொன்று உண்டு. இரண்டையும் பிரித்தறிய முதலாண்டு இயற்பியலில் நாம் படித்த திணிப்பு அதிர்வும் ஒத்ததிர்வும் பெரிதும் உதவும். அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐடிலிங்கின் கணக்கு

வண்டி நிற்கும்போது எஞ்சின் அணையாமல் மெதுவாகச் சுழல்வதை நம்மூர் மெக்கானிக்குகள் ‘ஐடிலிங்’ என்பர். இன்றைய பெட்ரோல் கார்களில் இச்சுழற்சி பெரும்பாலும் நிமிடத்திற்கு 700 முதல் 900 சுற்று வரை இருக்கும். கணக்கிற்கு 800 என்று கொள்வோம். அஃதாவது வினாடிக்கு ஏறத்தாழ 13.3 சுற்று.

கார் எஞ்சின் நான்கு வீச்சு எஞ்சின். காற்றையும் எரிபொருளையும் உள்ளிழுத்தல், அழுத்துதல், எரித்தல், புகையை வெளியேற்றுதல் என்ற நான்கும் முடியக் கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்ற வேண்டும். எனவே ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தீப்பொறி வெடிக்கும். நான்கு சிலிண்டர் இருந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு; மூன்று சிலிண்டர் இருந்தால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை வெடிப்பு. நிமிடத்திற்கு 800 சுற்றில் நான்கு சிலிண்டர் எஞ்சின் வினாடிக்கு 26.7 முறை அடிக்கிறது. மூன்று சிலிண்டர் எஞ்சின் 20 முறை அடிக்கிறது.

ஒவ்வோர் அடியும் கிராங்க் தண்டை ஒரு பக்கம் திருப்புகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி எஞ்சின் கூடு எதிர்ப்பக்கம் திரும்ப முயல்கிறது. எஞ்சின் வேகமாகச் சுழலும்போது ஃபிளைவீல் என்னும் கனத்த சக்கரம் தன் நிலைமத்தால் இவ்வடிகளை நிரவிவிடுகிறது. மெதுவாகச் சுழலும்போது ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி நீள்கிறது. சக்கரத்தின் சுழல் ஆற்றலும் குறைவு. ஆகவே ஒவ்வோர் அடியும் தனித்தனியே தெரிகிறது. ஓடும்போது பட்டுப்போல் செல்லும் வண்டி நிற்கும்போது நடுங்குவதன் அடிப்படைக் காரணம் இதுவே.

மூன்றும் நான்கும்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஆகியவற்றில் பழகிய தலைமுறைக்கு நான்கு சிலிண்டரே வழக்கம். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 காரின் 796 கன சென்டிமீட்டர் எஞ்சின் மூன்று சிலிண்டர் கொண்டது. நம் நாட்டுக் குடும்பங்கள் பல முதன்முதலில் ஏறிய கார் அதுவே. எனவே மூன்று சிலிண்டர் நமக்குப் புதிதன்று. இடையில் நான்கு சிலிண்டர்ச் சிறு கார்கள் பெருகின. பிறகு மீண்டும் மூன்று சிலிண்டர் பெருகியது. இதற்குக் காரணங்கள் உண்டு. சிலிண்டர் ஒன்று குறைந்தால் உராய்வு குறைகிறது, எடை குறைகிறது, விலையும் குறைகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சிறிது கூடுதல் தொலைவு ஓடுகிறது. 2006-ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தில், நான்கு மீட்டர் நீளத்திற்குள்ளும் 1200 கன சென்டிமீட்டருக்குள்ளும் அமைந்த பெட்ரோல் கார்களுக்கு உற்பத்தி வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைக்கப்பட்டதும் சிறு எஞ்சின்களுக்கு ஊக்கமளித்தது.

மூன்று சிலிண்டரில் குறை ஒன்று பிறவியிலேயே உண்டு. கிராங்க் தண்டில் மூன்று பிஸ்டன்களும் 120 பாகை இடைவெளியில் பொருத்தப்பட்டிருக்கின்றன. அவை ஏறி இறங்கும் விசைகளைக் கூட்டிப் பார்த்தால் ஒன்றையொன்று ஈடு செய்து சுழியாகிவிடும். ஆனால் அவ்விசைகள் ஒரே இடத்தில் செயற்படுவதில்லை. முதல் சிலிண்டர் ஓர் ஓரத்தில், மூன்றாம் சிலிண்டர் மறு ஓரத்தில் இருக்கின்றன. ஒன்று மேலே தூக்கும்போது மற்றொன்று கீழே அழுத்துவதால் ஓர் இரட்டை பிறக்கிறது. சிறுவர் விளையாடும் ஏற்றப்பலகைபோல எஞ்சின் தன் நீளவாக்கில் தலையாட்டுகிறது. இத்தலையாட்டல் ஒரு சுற்றுக்கு ஒரு முறை நிகழும். நான்கு சிலிண்டரில் ஓரச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து ஏறும், நடுச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து இறங்கும். எனவே தலையாட்டல் இல்லை.

இக்குறையைப் போக்கப் பொறியாளர்கள் பல வழிகளைக் கண்டனர். எஞ்சினுக்குள் எடை வைத்த சமனித் தண்டு ஒன்றைச் சுழலவிட்டு எதிர் அதிர்வை உண்டாக்குதல் ஒரு வழி. நான்கு சிலிண்டர் எஞ்சினின் எஞ்சிய சிறு அதிர்வையும் போக்க இங்கிலாந்தின் லான்செஸ்டர் கண்ட இம்முறையை, ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் 1970-களில் ‘அமைதித் தண்டு’ என்ற பொருள்படும் பெயரில் மீண்டும் புகழ்பெறச் செய்தது. 2009-இல் வெளிவந்த டாடா நானோவின் இரண்டு சிலிண்டர் எஞ்சினிலும் இத்தகைய தண்டு இருந்தது. மற்றொரு வழி நமக்கு அருகிலேயே கையாளப்பட்டது. சென்னையை அடுத்த மறைமலைநகரில் ஃபோர்டு தொழிற்சாலை 2013-இல் வெளியிட்ட எக்கோஸ்போர்ட் காரின் ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சினில் சமனித் தண்டு கிடையாது. அதற்குப் பதில் ஃபிளைவீலையும் முன்பக்கக் கப்பியையும் வேண்டுமென்றே எடை சமமில்லாமல் செய்திருந்தனர். அத்தொழிற்சாலை 2022-இல் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. கருத்து மட்டும் பாடமாக நிற்கிறது. ஒரு சமனின்மையை மற்றொரு சமனின்மையால் தீர்க்கலாம் என்பதே அக்கருத்து.

ரப்பர் மெத்தையின் வேலை

எஞ்சின் அதிர்வதைத் தடுக்க இயலாது. அவ்வதிர்வு நம்மிடம் வந்து சேர்வதைத் தடுக்கலாம். எஞ்சினை வண்டியின் சட்டத்தில் இரும்போடு இரும்பாக இறுக்காமல், ரப்பர் வைத்த ‘மவுண்டிங்’ மீது உட்கார வைப்பது இதற்காகத்தான். 1931-இல் அமெரிக்காவின் பிளைமவுத் கார் ‘மிதக்கும் ஆற்றல்’ என்று விளம்பரம் செய்து விற்றது இந்த ரப்பர் மவுண்டிங்கைத்தான். இன்று பல கார்களில் எஞ்சின் பக்கம் ஒன்று, கியர்பாக்ஸ் பக்கம் ஒன்று, கீழே புரளாமல் பிடிக்கும் தண்டு ஒன்று என மூன்று மவுண்டிங் உண்டு. சிலவற்றில் ரப்பருக்குள் திரவமும் இருக்கும்.

ஊஞ்சலுக்குத் தனக்கென ஓர் இயல்பு அதிர்வெண் இருப்பது போல, மவுண்டிங் மேல் அமர்ந்த எஞ்சினுக்கும் ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. அதனை 10 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். வெடிப்பின் அதிர்வெண்ணும் 10 ஆக இருந்தால் ஒத்ததிர்வு ஏற்பட்டு வண்டியே குதிக்கும். வெடிப்பின் அதிர்வெண், இயல்பு அதிர்வெண்ணைப் போல் 1.41 மடங்கிற்கு மேல் சென்ற பின்னரே மவுண்டிங் அதிர்வைக் குறைக்கத் தொடங்கும். இரு மடங்காகிய 20 ஹெர்ட்ஸில், தடையுறு விசையைக் கருதாமல் கணக்கிட்டால், அதிர்வில் மூன்றில் ஒரு பங்குதான் வண்டிக்குச் செல்லும். சுழற்சி 700 ஆகக் குறைந்தால் மூன்று சிலிண்டர் எஞ்சினின் வெடிப்பு 17.5 ஹெர்ட்ஸ் ஆகிறது. வண்டிக்குச் செல்லும் பங்கு ஏறத்தாழ பாதியாக உயர்கிறது. வெறும் 100 சுற்று குறைந்ததற்கு இவ்வளவு வேறுபாடு!

ஆகவேதான் ஆக்சிலரேட்டரைச் சிறிது அழுத்திச் சுழற்சியை 1000-க்கு மேல் கொண்டு சென்றவுடன் நடுக்கம் மறைந்துவிடுகிறது. அப்படி மறைந்தால் அது பெரும்பாலும் மவுண்டிங்கின் எல்லையைச் சார்ந்த அதிர்வு என்று கொள்ளலாம். ஏ.சி. போட்டவுடன் நடுக்கம் சற்றுக் கூடுவதும் இயல்பே. கம்ப்ரசரைச் சுழற்றும் சுமை கூடுவதால் ஒவ்வொரு வெடிப்பும் வலுவாக நிகழ வேண்டியிருக்கிறது. ஆட்டோமேட்டிக் கார்களில் ‘டி’யில் வைத்து பிரேக்கை அழுத்தி நிற்கும்போது நடுக்கம் கூடுவதும் இத்தகையதே.

தாளம் தப்பினால்

இனி நோய்க்கு வருவோம். மூன்று சிலிண்டரில் ஒன்று சரியாக எரியவில்லை என்று கொள்வோம். மெக்கானிக்குகள் இதனை ‘மிஸ்ஸிங்’ என்பர். மூன்று அடி விழ வேண்டிய இடத்தில் இரண்டு அடி விழுந்து ஒன்று தவறுகிறது. தவறுகின்ற அடி இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வரும். 800 சுற்றில் அது வினாடிக்கு 6.7 முறை. ஆடலரசன் கோயில் கொண்ட சிதம்பரத்துக்காரர்களுக்குத் தாளத்தால் சொன்னால் எளிதில் விளங்கும். மூன்று சிலிண்டர் எஞ்சின் தகிட தகிட என்று ஆடுகிறது. நான்கு சிலிண்டர் தகதிமி தகதிமி என்று ஆடுகிறது. இரண்டும் ஆட்டந்தான், இரண்டிலும் குற்றமில்லை. தகிட என்பதில் ஓர் எழுத்து விழுந்து தகிஃ தகிஃ என்று வந்தால் மட்டுமே குற்றம்.

இங்கே ஒரு வியப்பான பொருத்தம் உண்டு. அமர்ந்திருக்கும் மனித உடல் மேலும் கீழுமான அதிர்வை மிகுதியாக உணர்வது வினாடிக்கு 4 முதல் 8 முறை வரையிலான அதிர்வுகளில்தான் என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். தவறிய வெடிப்பு அந்த எல்லைக்குள் வந்து விழுகிறது. மவுண்டிங்கும் அதனைத் தடுக்காது. ஏனெனில் அது இயல்பு அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ளது. எனவே சீரான நடுக்கத்தைக் கை உணர்கிறது. தவறிய வெடிப்பை வயிறு உணர்கிறது. “குலுக்கிப் போடுகிறது” என்று ஓட்டுநர் சொன்னால் அச்சொல்லை அலட்சியப்படுத்தலாகாது.

ஆக, நாம் தேட வேண்டிய எண் இது: சுழற்சியை 120-ஆல் வகுத்தால் வருவது. அந்த அதிர்வெண்ணில் ஆட்டம் வலுவாக இருந்தால் அது நோய். சுழற்சியை 40-ஆல் வகுத்தால் வருவது மூன்று சிலிண்டர் எஞ்சினின் இயல்பான வெடிப்பு. நான்கு சிலிண்டருக்கு 30-ஆல் வகுக்க வேண்டும்.

அளந்து பார்த்த இரு வண்டிகள்

இதனை அளக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. நம் சட்டைப்பையில் உள்ள கைப்பேசியிலேயே முடுக்கமானி இருக்கிறது. ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2016-இல் மாணவர்களுக்காக வெளியிட்ட ‘ஃபைஃபாக்ஸ்’ என்னும் இலவசச் செயலி, முடுக்கத்தைப் பதிந்து அதிலுள்ள அதிர்வெண்களையும் பிரித்துக் காட்டும். கைப்பேசியை இருக்கையின் அடித்தண்டவாளத்தில் அசையாமல் வைத்து அரை நிமிடம் பதிந்தால் போதும்.

இம்முறையில் இரு வண்டிகளை அளந்தேன். ஒன்று மஞ்சக்குப்பத்தில் என் பெரியப்பாவுடையது. பல ஆண்டுகள் நான்கு சிலிண்டர் வண்டி ஓட்டியவர் அவர். ஓய்வூதியப் பணத்தில் மூன்று சிலிண்டர் கார் வாங்கினார். இரண்டே மாதத்தில், “இந்த நடுக்கம் என் உடம்புக்கு ஆகாதுடா; வந்த விலைக்குத் தள்ளிவிடப் போறேன்” என்று நின்றார். புதுக் காரை இரண்டு மாதத்தில் விற்றால் எவ்வளவு இழப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. சுழற்சி 800-இல் நின்றது. வரைபடத்தில் 20 ஹெர்ட்ஸில் ஒரு கூர்முனை, 13-ஐ ஒட்டி ஒரு சிறு முனை. முன்னது வெடிப்பு, பின்னது நான் மேலே கூறிய தலையாட்டல். பத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லை. 1100 சுற்றுக்குக் கொண்டு சென்றதும் இருக்கை அமைதியாயிற்று. கணக்கைக் கேட்ட பெரியப்பா, “ஆடுது, ஆனா தாளம் தப்பலைங்கிற, அவ்வளவுதானே?” என்றார். வண்டியை விற்கவில்லை.

மற்றொன்று சிதம்பரத்தில் வடக்கு வீதிக்கருகில் வாடகைக்கு ஓடும் கார். அதன் உரிமையாளரே ஓட்டுநர்; நாங்கள் அண்ணன் என்று அழைப்பவர். வங்கிக் கடனில் வாங்கிப் பிச்சாவரத்திற்கும் வைத்தீசுவரன்கோயிலுக்கும் பயணிகளை அழைத்துச் சென்று தவணை கட்டி வருகிறார். வண்டி நிற்கும்போது குலுக்குகிறது என்று பணிமனையில் இருமுறை சொல்லியும், “மூணு சிலிண்டர் வண்டி இப்படித்தாண்ணே, ஓட ஓடச் சரியாயிடும்” என்ற விடையே கிடைத்தது. அவரது வண்டியின் சுழற்சி 840. வரைபடத்தில் 21 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய முனை இருந்தது. அதைவிட உயரமாக 7 ஹெர்ட்ஸில் மற்றொரு முனை இருந்தது. அதுவும் விட்டுவிட்டு வந்தது. 840-ஐ 120-ஆல் வகுத்தால் 7!

வரைபடத்துடன் மூன்றாம் முறை சென்றார். மூத்த மெக்கானிக் ஒருவர் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தபோது மூன்றாம் சிலிண்டரில் மிஸ்ஸிங் எண்ணிக்கை ஏறியிருந்தது. காயிலுக்குச் செல்லும் மின் இணைப்பின் பூட்டு முழுமையாக விழாமல் இருந்ததே காரணம். அழுத்திப் பூட்டியதும் ஏழு மறைந்தது. இருபத்தொன்று இருந்தது; அது இருக்க வேண்டியதே. செலவு ஒன்றுமில்லை. அப்படியே விட்டிருந்தால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றிக்குள் சென்று எரிந்து அதனை உருக்கியிருக்கும். பிளாட்டினம், பல்லேடியம் போன்ற உலோகங்கள் பூசிய அந்தப் பாகத்தின் விலை அவருக்குப் பல தவணைகளுக்குச் சமம்.

காரணங்களும் தீர்வுகளும்

புதுக் காரில் இவ்வதிர்வுக்கான காரணங்களை எளியதிலிருந்து அரியது வரை வரிசைப்படுத்தித் தருகிறேன். இவ்வரிசையிலேயே பார்ப்பது சிக்கனம்.

1. குளிர்ந்த எஞ்சின்: காலையில் கிளப்பியதும் ஓரிரு நிமிடம் சுழற்சி உயர்ந்து சற்றுக் கரடுமுரடாக ஓடும். வினையூக்கி மாற்றியைச் சூடேற்ற எஞ்சின் கணினியே அவ்வாறு செய்கிறது. இது நோயன்று. சூடான பின்னரே அதிர்வை ஆராய வேண்டும்.

2. இரும்பு இரும்பைத் தொடுதல்: வண்டி வாங்கியதும் நாம் மாட்டும் எஞ்சின் காப்புத் தகடும் பம்பர்க் கம்பியும் சைலன்சரையோ எஞ்சினின் அடிப்பாகத்தையோ தொட்டுக்கொண்டிருக்கலாம். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் இடம் மாறியிருக்கலாம். ரப்பர் மவுண்டிங் தடுத்த அதிர்வு இக்குறுக்கு வழியாக உள்ளே வந்துவிடும். எஞ்சினை அணைத்து, குளிர்ந்த பின் கீழே பார்த்து, கூடுதலாக மாட்டியவற்றைக் கழற்றி ஒரு நாள் ஓட்டிப் பார்க்கலாம்.

3. மவுண்டிங் இறுக்கம்: ரப்பர் முறுக்கிக்கொண்ட நிலையில் போல்ட் இறுக்கப்பட்டிருந்தால் புது ரப்பரும் கல்லாகிவிடும். எஞ்சினின் எடையை ஜாக்கியால் தாங்கி, போல்ட்டுகளைத் தளர்த்தி, எஞ்சினைத் தன் இயல்பான இடத்தில் அமரவிட்டு, குறிப்பிட்ட முறுக்கத்திற்கு மீண்டும் இறுக்குவதே தீர்வு. இது பணிமனையில் செய்ய வேண்டிய வேலை.

4. ஐடிலிங் பாடம் மறத்தல்: இன்றைய கார்களில் எவ்வளவு காற்று விட்டால் சுழற்சி நிலையாக நிற்கும் என்பதை எஞ்சின் கணினி தானே கற்று நினைவில் வைக்கிறது. விற்பனைக் கிடங்கில் நெடுநாள் நின்ற வண்டியில் பாட்டரி இறங்கினாலோ, பாட்டரியைக் கழற்றி மாட்டினாலோ அப்பாடம் சில கார்களில் அழிந்துவிடும். சுழற்சி ஏறி இறங்கும். ஸ்கேனர் மூலம் மீண்டும் கற்பிக்கலாம். சில வண்டிகள் சில நாள் ஓட்டத்தில் தாமே கற்றுக்கொள்ளும். த்ராட்டில் பாடியின் திருகைத் திருகி ஐடிலிங்கை ஏற்றுவது கார்புரேட்டர்க் காலத்து வைத்தியம். இக்கால வண்டிக்கு அது ஆகாது.

5. காற்றுக் கசிவு: உறிஞ்சு குழாயில் ஒரு ரப்பர்க் குழல் சரியாகச் செருகப்படாவிட்டால் கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்து கலவை மெலிந்துவிடும். ‘உஸ்’ என்ற ஓசை கேட்கும். குழலைச் செருகிப் பட்டையிட்டால் தீரும்.

6. மிஸ்ஸிங்: பிளக், காயில், இன்ஜெக்டர், அவற்றின் மின் இணைப்புகள். ஸ்கேனர் எந்தச் சிலிண்டர் என்று சொல்லிவிடும். காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பார்த்தால், மிஸ்ஸிங்கும் உடன் மாறுகிறதா என்பதிலிருந்து குற்றவாளியைப் பிடிக்கலாம். எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும். அம்பாசடர் காலத்தில் ஓடும் எஞ்சினில் பிளக் கம்பியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பார்கள். இன்றைய காயில்களில் அது உயிருக்கும் ஆபத்து, வினையூக்கி மாற்றிக்கும் கேடு.

7. எலி: நெல் வயலருகே வண்டி நிறுத்துவோர் அறிவர். மழைக்காலத்தில் சூடான எஞ்சின் அறை எலிக்கு வீடு. புது வண்டி என்று அது பார்ப்பதில்லை. கடித்த கம்பியைத் துணி சுற்றி ஒட்டாமல் முறையாக மாற்றுதல் வேண்டும்.

8. எரிபொருள்: பெட்ரோலுடன் கலக்கப்படும் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மையது. தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து தொட்டியின் அடியில் தனியே தங்கிவிடும். பெட்ரோல் நிரப்பிய உடனே ஆட்டம் தொடங்கியிருந்தால் இதனை ஐயுறலாம். தொட்டியை வடித்து நல்ல பெட்ரோல் நிரப்புவதே தீர்வு.

9. கணினி மென்பொருள்: சில வண்டிகளுக்கு ஐடிலிங் சுழற்சியைச் சற்று உயர்த்தும் மென்பொருளை உற்பத்தியாளர் பின்னர் வெளியிடுவதுண்டு. நம் வண்டி எண்ணுக்கு அப்படி ஏதும் உண்டா என்று கேட்டுப் பார்ப்பது நன்று.

வேகமாகச் செல்லும்போது மட்டும் வரும் ஆட்டம் இவற்றில் சேராது. அது சக்கரம், டயர் ஆகியவற்றைச் சார்ந்தது.

அளப்போர் சில காப்புகளையும் மறத்தலாகாது. கைப்பிரேக்கைப் போட்டு நியூட்ரலில் வைத்து, திறந்த வெளியில் அளக்க வேண்டும். மூடிய கொட்டகையில் ஓடும் எஞ்சினின் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இன்றி உயிர் குடிக்கும். மின்விசிறி தானாகச் சுழலத் தொடங்கும்; கையும் துணியும் அதனருகே செல்லலாகாது.

பணிமனையில் பேசும் முறை

“வண்டி ஆடுது” என்று வாயால் சொன்னால் “எல்லா வண்டியும் ஆடும்” என்று வாயால் விடை வரும். எஞ்சின் சூடா குளிரா, ஏ.சி. உண்டா இல்லையா, சுழற்சி எவ்வளவு, ஆட்டம் எத்தனை ஹெர்ட்ஸ், 1000 சுற்றில் மறைகிறதா என்ற ஐந்தையும் எழுதிக் கொடுத்தால் விடையும் வேறாக வரும். அதே மாதிரி வண்டி ஒன்றை அருகில் நிறுத்தி ஒப்பிட்டுக் காட்டும்படி கேட்கலாம். ஒவ்வொரு முறையும் குறையை ஜாப் கார்டில் எழுதச் செய்து நகல் வாங்க வேண்டும். உத்தரவாதக் காலம் முடிந்த பின் கோளாறு பெரிதானால், அது முன்பே இருந்தது என்பதற்கு அத்தாள்தான் சான்று. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் வழக்குரைஞர் இன்றியே முறையிடலாம். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும். அங்கும் பேசுவது எழுத்துத்தான்.

இயற்பியல் தேர்வுக்காக ஒத்ததிர்வை மனப்பாடம் செய்கிறோம். சமன்பாட்டை எழுதி மதிப்பெண் பெறுகிறோம். அதே சமன்பாடு ஒரு முதியவரின் ஓய்வூதியப் பணத்தைக் காத்தது. ஒரு தொழிலாளியின் தவணைப் பணத்தையும் காத்தது. நம் ஒவ்வொருவர் தெருவிலும் ஒரு புது வண்டி நின்றபடி நடுங்கிக்கொண்டிருக்கும். அதன் உரிமையாளர் கவலையோடு நின்றால் ஒரு நிமிடம் நின்று சுழற்சியைக் கேளுங்கள். 120-ஆல் வகுத்துப் பாருங்கள். வகுத்தல் தெரிந்தவனை ஏமாற்றுவதும் கடினம். வீணாக அச்சுறுத்துவதும் கடினம்.